வரதர் கோயில் பல்லியும் வராத சாலமாண்டரும்

காஞ்சிபுரத்துக்காரனுக்குப் பல்லி லேசுப்பட்ட பிராணி அல்ல. தோளில் விழுந்தால் ஒரு பலன், தலையில் விழுந்தால் வேறு பலன் என்று பஞ்சாங்கத்தில் அட்டவணையே உண்டு. பலன் எதுவாக இருந்தாலும் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய், படியேறி, விதானத்தில் பதித்திருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தடவிவிட்டு வந்தால் கணக்கு நேராகிவிடும். கைபட்டுக் கைபட்டு அந்த இரண்டு உருவங்களும் வழவழத்துப் போயிருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெருமாளைப் பார்த்த நேரத்தைவிடப் பல்லி வரிசையில் நின்ற நேரம் அதிகம் என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலபுராணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கௌதம முனிவரின் சீடர்கள் இருவர் பூஜைக்குக் கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி கிடந்தது. அதைப் பார்க்காமல் கொண்டுவந்த குற்றத்துக்காகச் சபிக்கப்பட்டு அவர்களே பல்லியாகி, வரதர் கோயில் இருக்கும் அத்திகிரிக்கு வந்து விமோசனம் பெற்றார்கள். கதையின் முடிச்சு முழுக்கத் தண்ணீரில் பல்லி இருந்ததில் இருக்கிறது. பல்லி சுவரில் இருக்க வேண்டியது, குடத்தில் இருக்கக் கூடாதது.

போன வருஷம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து ஊடை ஓட்டிக்கொண்டிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகன் விலங்கியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“சார், இருவாழ்விய மூணா பிரிச்சிருக்காங்க. வாலில்லாதது தவள. காலில்லாதது ஏதோ இக்தியோஃபிஸாம். வாலுள்ளது சாலமாண்டர்னு போட்டிருக்கு. அத நம்ம பக்கம் எங்க சார் பாக்கறது?”

“எங்கயும் பாக்க முடியாது தம்பி.”

“வண்டலூர்ல பாத்தோமேடா,” என்றார் அப்பா, நாடாவை நிறுத்தாமல்.

“அது உடும்புப்பா. ஏன் சார் இங்க இல்ல?”

இல்லாத ஒன்று ஏன் இல்லை என்பது நல்ல கேள்வி. இருக்கிற ஒன்று எப்படி இருக்கிறது என்பதைவிடக் கடினமானதும்கூட. அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. அதை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிராணியைப் பார்த்துவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் சாலமாண்டர் பல்லி மாதிரிதான்: நீண்ட உடம்பு, நான்கு கால், வால். கிட்டப் போனால் ஒன்றுகூட ஒத்துவராது. பல்லிக்குச் செதில் உண்டு, இதற்கு வெற்றுத் தோல், அதுவும் எப்போதும் ஈரமாக. பல்லியின் முன்காலில் ஐந்து விரல், நகம். இதற்கு முன்காலில் நான்கே விரல், பெரும்பாலானவற்றுக்கு நகம் கிடையாது. பல்லி ஓட்டோடு முட்டையிடும். இதன் முட்டை தவளை முட்டை போலக் கொழகொழத்த உறைக்குள் இருக்கும், வெளிவரும் குஞ்சுக்குக் கழுத்தோரம் இறகுக்கொத்து போலச் செவுள் தொங்கும். பல்லிக்கு அறுந்த வால் முளைக்கும் என்று நாம் வியக்கிறோம். ஆக்ஸலாட்டல் என்கிற மெக்சிகோ சாலமாண்டருக்கு வெட்டுப்பட்ட கால் எலும்போடும் விரலோடும் திரும்ப முளைக்கும். உறவுமுறை பார்த்தால் இது தவளைக்குத்தான் தாயாதி. பல்லிக்கு உருவ ஒற்றுமையைத் தவிர வேறு பாத்தியதை இல்லை.

உலகில் எண்ணூறுக்கு மேற்பட்ட சாலமாண்டர் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை விரல் நீளம், கை நீளம். காட்டோடைகளில் வாழும் பெரியவைதான் கதைகளைக் கிளப்பியவை. சீனாவின் ராட்சத சாலமாண்டர் 1.8 மீட்டர் வரை வளரக்கூடியது, நின்றால் ஆள் உயரம். ஜப்பானுடையது ஒன்றரை மீட்டர். அமெரிக்காவின் அப்பலேச்சிய மலை ஓடைகளில் இருக்கும் ஹெல்பெண்டர் இரண்டரை அடியை நெருங்கும். இந்த மூன்றும் ஒரே குடும்பம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், வடக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கனடா எல்லை தாண்டி வரைக்கும், டைகாம்ப்டடான் என்று வேறொரு கூட்டம் இருக்கிறது. ஓரடிக்குச் சற்று மேல் நீளம், பளிங்குக்கல் போல வரியோடிய தோல். அங்குள்ள மலையுச்சி ஓடைகள் சிலவற்றில் மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் இந்தச் சாலமாண்டர்களின் எடை கூடுதலாக இருக்கும். நத்தை, சுண்டெலி, சின்னப் பாம்பு, தன் இனத்துக் குட்டி, எது கிடைத்தாலும் விழுங்கும். கையில் பிடித்தால் நாய்க்குட்டி போலக் குரைக்கும். சாலமாண்டர்களில் குரலெழுப்புவது அபூர்வம். குட்டிகள் ஓடைக் கற்களுக்கு அடியில் வருஷக்கணக்கில் செவுளோடு வாழ்ந்து, பிறகு சில கரையேறும், சில கடைசிவரை தண்ணீரிலேயே இருந்துவிடும்.

இத்தனை பெரிய உடம்பு ஓடையில் எப்படி மூச்சு விடுகிறது? தோலால். ஹெல்பெண்டருக்கு நுரையீரல் உண்டு, ஆனால் வேலை பெரும்பாலும் தோலுக்குத்தான். உடம்பின் இருபுறமும் புடவைக் கொசுவம் மாதிரித் தோல் மடிந்து மடிந்து தொங்குவது பரப்பை அதிகமாக்கத்தான். தோலால் மூச்சுவிடுகிறவனுக்குக் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான். உடம்போ சூட்டில்தான் அதிக ஆக்சிஜன் கேட்கும். சித்திரை வெயிலில் வேகவதியிலோ பாலாற்றிலோ இதை விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே தேவையில்லை. தண்ணீர் இருந்தால்தானே விடுவதற்கு என்பது வேறு விஷயம்.

பையனுக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: நம்ம ஊர் சூடு, அதற்கு ஆகாது. சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள்ளேயே அது தப்பு என்று தோன்றிவிட்டது.

தமிழ்நாடு என்பது காஞ்சிபுரம் மட்டும் அல்லவே. நீலகிரியில் சோலைக்காட்டு ஓடை ஒன்றில் மார்கழி காலையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், கணுக்கால் மரத்துப்போகும். ஆனைமலை, பழனிமலை, அகத்தியமலை எல்லாவற்றிலும் நிழல் மூடிய, கல் நிறைந்த, வருஷம் முழுக்க ஓடுகிற ஓடைகள் உண்டு. பூச்சி உண்டு, நண்டு உண்டு, ஒளிந்துகொள்ளக் கற்சந்து உண்டு. ஹெல்பெண்டருக்கு வீடு பார்க்கும் தரகர் இருந்தால் இந்த இடங்களைத் தயங்காமல் காட்டுவார். வெப்பம்தான் காரணம் என்றால் இங்கே இருந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய மறுப்பு அமேசானிலிருந்து வருகிறது. அங்கே பொலிட்டோகிளாஸா என்ற சாலமாண்டர் கூட்டம் வெப்பமண்டல மழைக்காட்டின் தாழ்நிலத்திலேயே, இலை மேல் ஏறி, குடித்தனம் நடத்துகிறது. நுரையீரலே இல்லாத கூட்டம் அது. எனவே சூடு ஒரு தொந்தரவு, தடை அல்ல.

இரண்டாவது விளக்கம், இடம் காலியில்லை என்பது. மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளைத் தவளைகள் பங்குபோட்டுக்கொண்டுவிட்டன, அதனால் சாலமாண்டருக்கு மூலை கிடைக்கவில்லை என்பார்கள். பங்குபோட்டது உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ஹெல்பெண்டர் ஓடைகளிலும் தவளை உண்டு, மீன் உண்டு, நண்டுக்குப் பதில் கிரேஃபிஷ் உண்டு. கூட்டமான இடத்தில் அங்கே பிழைத்தது இங்கே ஏன் பிழைக்காது? இந்த வாதம் எனக்கு எப்போதும் பின்யோசனையாகவே படுகிறது. வராதவரைப் பற்றி, வந்திருந்தால் உட்கார நாற்காலி இருந்திருக்காது என்று சொல்வது போல.

மூன்றாவது: ஒருவேளை இருக்கிறதோ, நாம்தான் பார்க்கவில்லையோ? இந்தச் சந்தேகத்துக்கு நம் நாட்டில் நியாயம் உண்டு. எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி பொசுயும் 2003-இல் ஊதாத்தவளையை உலகுக்கு அறிவித்தபோது அது புது இனம் மட்டுமல்ல, அதற்காகப் புதுக் குடும்பமே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. 2012-இல் வடகிழக்கு மாநிலங்களில் காலில்லா இருவாழ்விகளில் சிகிலிடே என்ற புதுக் குடும்பம் வந்தது. ஆனால் இரண்டுமே வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பவை. ஓடைக்கல்லுக்கு அடியில் கிடக்கும் கை நீளப் பிராணி அப்படி மறைய முடியாது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த கர்னல் பெட்டோம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த மலைகளில் கல் கல்லாகப் புரட்டியவர். மண்ணுக்குள் இருந்த காலில்லா இருவாழ்வியைக்கூட 1870-இல் கண்டெடுத்து எழுதியிருக்கிறார். அவருக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டாக எத்தனையோ பேர். மலைவாசிகளின் பேச்சில் இப்படியொரு பிராணிக்குப் பெயர் இருப்பதாக நான் கேட்டதில்லை. இல்லை என்றே முடிவு கட்டலாம்.

மிஞ்சுவது பாதை. என் கட்சி இதுதான்.

சாலமாண்டர்கள் வடக்கத்திப் பிறவிகள். மிகப் பழைய புதைபடிவங்கள் கஜகஸ்தான், சீனா போன்ற இடங்களில், டைனோசர்கள் காலத்துப் பாறைகளில் கிடைக்கின்றன. உள்மங்கோலியாவில் எரிமலைச் சாம்பல் படிவுகளில் அகப்பட்டு 2003-இல் அறிவிக்கப்பட்ட சூனர்பெட்டான், இன்றைய ராட்சத சாலமாண்டர்களின் சாயலை அப்படியே கொண்டது. அவை அங்கே ஓடைகளில் நீந்திக்கொண்டிருந்த காலத்தில் நம் தென்னிந்தியா ஆசியாவில் இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு கோண்டுவானா என்ற தெற்கத்திக் கூட்டுக்குடும்பத்தில் இருந்தது. அந்தக் குடும்பத்துச் சொத்தில் சாலமாண்டர் இல்லை. தவளையும் காலில்லா இருவாழ்வியும் உண்டு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிடமிருந்து பிரிந்து, தனித்தீவாக வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது இந்தியா. ஊதாத்தவளையின் நெருங்கிய உறவு இன்று எங்கே இருக்கிறது என்றால் செய்ஷல்ஸ் தீவுகளில். பாகப்பிரிவினை நடந்ததற்கு இதைவிடப் பத்திரம் வேண்டுமா?

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். சகாராவுக்கு வடக்கே, மத்தியதரைக் கடலோரத்தில் சில சாலமாண்டர்கள் உண்டு. பாலைவனத்துக்குத் தெற்கே ஒன்றும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் அறவே இல்லை. தென்னமெரிக்காவுக்கு மட்டும் வடக்கிலிருந்து ஈரக்காடுகள் வழியாக நடந்து போயிருக்கின்றன. வழி இருந்த இடத்துக்குப் போயின, இல்லாத இடத்துக்குப் போகவில்லை.

இந்தியா மோதிய பிறகு வழி திறந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். பாதி திறந்தது. டார்ஜிலிங் மலைகளில் ஒரு சாலமாண்டர் உண்டு. இந்தியாவில் சாலமாண்டரைக் காணப் போகிறவர்கள் போவது அங்கேதான். ஜான் ஆண்டர்சன் 1871-இல் சீனத்து யுன்னானிலிருந்து விவரித்த டைலோடோட்ரைட்டான் வெருகோசஸ் என்ற பெயரிலேயே இதையும் அழைத்துவந்தார்கள். 2015-இல் நேபாளத்தின் இலாம் பகுதியை வைத்து இமயமலைக் கூட்டத்துக்கு ஹிமாலயானஸ் என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். முழுக்கை நீளம்கூட இல்லை, ஒரு சாண் தேறும். பழுப்பு உடம்பில் விலாவோரம் இரண்டு வரிசையாகக் கொப்புளங்கள், அதனால்தான் முதலை நியூட் என்ற பெயர். ஓடையைவிடக் குட்டையை விரும்பும். கோடைமழை பிடித்ததும் குட்டைக்கு இறங்கி முட்டையிடும், பனிக்காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பெயரோடு இடம்பெற்றது. சுகியாபோக்ரி அருகே ஜோர்போக்ரியில் 1985-இல் இதற்கென்றே ஒரு சரணாலயம் ஏற்படுத்தினார்கள். மேற்கே ஆப்கானிஸ்தானத்தின் பக்மான் மலையில், காபூலுக்குப் பக்கத்தில், பனி உருகி ஓடும் சில ஓடைகளில் வேறொரு சாலமாண்டர் இருக்கிறது. ஆக, கிழக்கு வாசலிலும் ஒன்று நிற்கிறது, மேற்கு வாசலிலும் ஒன்று நிற்கிறது. உள்ளே வரவில்லை.

உள்ளே வந்தவை உண்டு என்பதுதான் சுவாரஸ்யம். இமயமலையில் இருக்கும் உயிர்களின் உறவினங்கள் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மேற்குத்தொடர்ச்சி மலையில் இருப்பதைக் கண்டு, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர்லால் ஹோரா 1940-களில் சாத்பூரா கருதுகோளைச் சொன்னார். ஈரமும் குளிரும் மிகுந்த காலங்களில் விந்திய–சாத்பூரா மலைத்தொடர் ஒரு பாலமாக இருந்தது, அதன் வழியே வேகநீர் மீன்கள் தெற்கே வந்தன என்பது அவர் வாதம். நீலகிரி வரையாட்டையும் நீலகிரி மார்டனையும் காட்டி இதை ஆதரித்தவர்கள் உண்டு, மரபணு ஆய்வுகள் வந்தபின் கேள்வி கேட்டவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் சாலமாண்டர் விஷயத்தில் இரு தரப்பும் ஒரே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும். ஆடு சமவெளியை ஒரு வாரத்தில் கடக்கும், மார்டனும் கடந்துவிடும். மீன் நதி இடம் மாறும்போது கூடவே மாறும். தோலால் மூச்சுவிட்டு, பிறந்த குட்டையிலிருந்து சில நூறு கஜம் தாண்டாத ஒரு பிராணிக்குக் கங்கைச் சமவெளியின் வெயில் சகாராவுக்குச் சமம். சூட்டைப் பற்றி நான் பையனிடம் சொன்னதில் உண்மை இருந்த இடம் இதுதான்: சேரவேண்டிய ஊரின் சூடு தடுக்கவில்லை, வழியின் சூடு தடுத்தது.

வாசலில் நிற்கிறவர் வராததால் நம் ஓடைகளில் சாலமாண்டரின் வேட்டை வேலை நடக்காமல் இருக்கிறதா? இல்லை, ஆள் வேறு. இரவில் டார்ச் அடித்தால் கற்சந்தில் உட்கார்ந்திருக்கும் நண்டும் விலாங்கும் வேட்டைக்காரர்கள். பாறையை ஒட்டிய ஈரத்தில் நடனத்தவளைகள். ஓடையின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் பின்னங்காலைத் தூக்கி, விரித்து, ஆட்டிச் சேதி சொல்பவை. 2014-இல் ஒரே கட்டுரையில் இவற்றில் 14 புது இனங்களை பிஜு குழுவினர் விவரித்தார்கள். இக்தியோஃபிஸ் இனத்தில் தாய் ஓடைக்கரை மண்ணில் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவலிருக்கும், குஞ்சு தண்ணீரில் இறங்கி வளரும். சாலமாண்டர் வாழ்க்கைக்கு இவ்வளவு கிட்டத்தில் வருகிற வேறு பிராணி தமிழ்நாட்டில் இல்லை. பார்த்தவர்களோ மண்புழு என்றோ குட்டிப்பாம்பு என்றோ மிதித்துவிடுகிறார்கள்.

ஊதாத்தவளைக்கு நம் பக்கத்தில் ஒரு சகோதரியும் உண்டு. 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையின் கிழக்குச் சரிவிலிருந்து விவரிக்கப்பட்ட அதற்கு, கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி 2014-இல் அகத்தியமலையில் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயரை வைத்தார்கள். பன்றி மூக்கு, உப்பிய உடம்பு. வளர்ந்தபின் மண்ணுக்குள் கறையான் தின்று வாழும். தலைப்பிரட்டைப் பருவத்தில்தான் அதன் வீரம். வாயே உறிஞ்சுகிண்ணமாக மாறி, வெள்ளம் பாயும் பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும்.

உலகின் மற்ற இடங்களில் பெரியவர்கள் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சீனாவில் நான்கு ஆண்டுகள் 97 இடங்களில் தேடிப் பார்த்த ஆய்வுக்குழு, நான்கே இடங்களில்தான் ராட்சத சாலமாண்டரைக் கண்டதாக 2018-இல் எழுதியது. பண்ணைகளில் இறைச்சிக்காக வளர்ப்பவை ஏராளம், காட்டில் இல்லை. ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பல இனங்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. அதில் ஒன்றை அடையாளம் காட்டியது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் வாழ்ந்து செத்து, அருங்காட்சியகத்தில் பாட்டிலுக்குள் கிடந்த உடல். பெயர் தெரியாமலே சந்தைக்குப் போன இனத்துக்குப் பாட்டிலில்தான் முகவரி இருந்தது. அமெரிக்காவில் ஹெல்பெண்டருக்கு எமன், மண். கரையோரம் மரம் வெட்டினால், சாலை போட்டால், மழையில் கரையும் வண்டல் வந்து கற்சந்துகளை அடைக்கிறது. குஞ்சு ஒளிய இடமில்லை. வால்பாறைக்கும் கொடைக்கானலுக்கும் சாலை அகலப்படுத்தும்போது ஓடை காப்பித்தண்ணீர் நிறத்தில் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அங்கே ஹெல்பெண்டர் குஞ்சுக்கு நடப்பதுதான் இங்கே பாறையில் ஒட்டிய தலைப்பிரட்டைக்கும் நடக்கும்.

ஜப்பானில் 1952-லிருந்து அங்குள்ள ராட்சத சாலமாண்டர் சிறப்பு இயற்கைச் சின்னம், தொட அனுமதி வேண்டும். ஆண் சாலமாண்டர் கரையடி வளையைப் பிடித்துவைத்துக்கொண்டு, பெண்கள் இட்ட முட்டைச் சரங்களுக்கு இலையுதிர்காலம் தொடங்கிப் பனிக்காலம் முழுக்கக் காவல் காக்கும். ஒக்கயாமா பக்கத்தில் யுபாரா என்ற வெந்நீரூற்று ஊரில் இதற்கு ஒரு கோயிலே இருக்கிறது. ஊர்க் கால்நடைகளை விழுங்கிய, அந்தப் பக்கத்தில் ஹன்ஸாகி என்று அழைக்கும் பெரிய சாலமாண்டர் ஒன்றை ஒரு வீரன் மடுவில் குதித்துக் கொன்றான், அதன் பிறகு இரவுகளில் அழுகைக் குரல் கேட்டது, அவன் குடும்பம் மாண்டது, ஊரார் பயந்து கோயில் கட்டினார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஹன்ஸாகி உருவத்தை வண்டியில் வைத்து ஊர்வலம் விடுகிறார்கள். சாபம், பிராணி, கோயில், பரிகாரம். அத்திகிரியில் பல்லி வரிசையில் நின்ற எவரும் யுபாராவில் அந்நியராக உணர மாட்டார்கள்.

இந்த மாதம் மறுபடி பிள்ளையார்பாளையம் போனபோது இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டான். தறியில் மயில்கண் கரை ஓடிக்கொண்டிருந்தது. கூரை வாரையில் ஒரு பல்லி கத்தியது. அவன் அம்மா பழக்கத்தில் தரையை விரலால் தட்டினார்.

“அப்ப டார்ஜிலிங் போனா பாக்கலாமா சார்?”

“ஜூன்ல போ. மழையில நனையத் தயாரா போ.”

“ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்னா?”

“அதுக்கு வனத்துறை அனுமதி வாங்கணும். போனா தண்ணி விழற பாறைய கிட்ட போய்ப் பாரு. கறுப்பா ஒட்டியிருக்கறது எல்லாம் பாசி இல்ல.”